தூங்கும்போது தோல் என்ன செய்கிறது? இரவுச் சருமப் பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நைட் கிரீம், ஸ்லீப்பிங் மாஸ்க், ரெட்டினால் சீரம் என்று கட்டில் பக்கத்து மேசையில் டப்பாக்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. எது வேலை செய்கிறது, எது வெறும் வாசனை என்பதுதான் பலருக்கும் குழப்பம். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். தோல் நோய்க்கு ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் எதை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்பது உண்மையா, விளம்பரமா?

பாதி உண்மை. தோல் இருபத்துநான்கு மணி நேரமும் வேலை செய்கிறது. ஆனால் எந்த வேலையை எப்போது அதிகம் செய்வது என்பதற்கு அதனிடம் ஒரு நேரக் கணக்கு இருக்கிறது.

உடலின் தலைமைக் கடிகாரம் மூளையில், ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து அது நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். அது போக ஒவ்வொரு தோல் செல்லுக்குள்ளும் தனியாக ஒரு குட்டிக் கடிகாரம் உண்டு. சில மரபணுக்கள் சுமார் 24 மணி நேரச் சுழற்சியில் மாறி மாறி வேலை செய்வதும் ஓய்வதும்தான் அந்தக் கடிகாரம். இது எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் ஆராய்ந்து கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கணக்குப்படி எண்ணெய்ச் சுரப்பு நண்பகல் வாக்கில் உச்சத்துக்குப் போய் இரவில் குறைகிறது. மேல்தோலின் அடியில் இருக்கும் செல்கள் இரண்டாகப் பிரியும் வேகம் இரவில் கூடுகிறது. தோலுக்கு வரும் ரத்த ஓட்டமும் தோலின் வெப்பமும் கூடவே ஏறுகின்றன. செல் பிரியும்போது டிஎன்ஏவைப் பிரதி எடுக்க வேண்டும்; அந்த நேரத்தில் புற ஊதாக் கதிர் பட்டால் பிழைகள் அதிகமாகும். அந்த வேலையை வெயில் இல்லாத நேரத்துக்குத் தள்ளி வைத்திருப்பது புத்திசாலித்தனம்தானே.

ஆனால் ‘பகலில் பாதுகாப்பு, இரவில் பழுதுபார்ப்பு’ என்று விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இது சுலபமான கணக்கு இல்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஆய்வகம் ஒன்று 2017இல் 118 தீக்காய நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தது. பகலில் ஏற்பட்ட காயங்கள் ஆறச் சராசரியாக 17 நாள் ஆனது. இரவில் ஏற்பட்டவை ஆற 28 நாள். காயத்தை மூட ஓடிவரும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் பகலில் சுறுசுறுப்பாக நகர்வதுதான் காரணம் என்று அவர்கள் கண்டார்கள். ஆக, ஒரு வகைப் பழுதுபார்ப்பு இரவில் நடக்கிறது, இன்னொன்று பகலில் நடக்கிறது. நைட் கிரீம் டப்பாவில் இந்த இரண்டாம் பாதியை யாரும் அச்சடிப்பதில்லை.

தோல் முழுசாகப் புதிதாக எத்தனை நாள் ஆகும்?

இளம் வயதில் ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரம். வயது ஏற ஏற இன்னும் நீளும்.

ஒரு செல்லின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் ஏன் இத்தனை நாள் என்பது புரியும். மேல்தோலின் அடிவரிசையில் ஒரு செல் பிறக்கிறது. கீழே புதிதாகப் பிறப்பவை தள்ளத் தள்ள அது மேலே நகர்கிறது. போகிற வழியில் கெரட்டின் என்ற புரதத்தை நிரப்பிக்கொள்கிறது, தட்டையாகிறது, கடைசியில் உட்கருவையே இழந்து செத்துவிடுகிறது. இப்படிச் செத்த செல்கள் செங்கல் போல அடுக்கப்பட்டு, இடையில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சாந்து போலப் பூசப்பட்டதுதான் நாம் தொட்டுப் பார்க்கும் மேற்பரப்பு. தண்ணீரை உள்ளேயும் கிருமியை வெளியேயும் நிறுத்தி வைப்பது இந்தச் செத்த சுவர்தான். அங்கே சுமார் இரண்டு வாரம் காவல் இருந்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர்ந்துவிடும்.

அதனால் இன்று ராத்திரி அடியில் பிறக்கும் செல் உங்கள் கண்ணாடிக்கு வந்து சேரப் பல வாரம் ஆகும். ‘ஒரே இரவில் புதிய சருமம்’ என்று எழுதியிருந்தால், மேலே இருக்கும் செத்த செல்கள் ஈரத்தில் ஊறிக் கொஞ்சம் உப்பி, வெளிச்சத்தைச் சமமாகத் திருப்பி அனுப்புகின்றன என்று படித்துக்கொள்ளுங்கள். அது பொய் இல்லை. மறுநாள் கழுவும்வரை நிற்கும்.

தூக்கம் குறைந்தால் உண்மையிலேயே முகத்தில் தெரியுமா?

தெரியும். சுவீடனில் 23 பேரை நன்றாகத் தூங்கிய பிறகு ஒருமுறையும், தூக்கத்தைக் கெடுத்து 31 மணி நேரம் விழித்திருக்க வைத்த பிறகு ஒருமுறையும் படம் எடுத்தார்கள். எது எந்தப் படம் என்று தெரியாத 65 பேரிடம் காட்டியபோது, தூங்காத முகங்களுக்கு ஆரோக்கியத்திலும் அழகிலும் குறைந்த மதிப்பெண்தான் கிடைத்தது. 2010இல் வெளியான ஆய்வு இது. மேக்கப் இல்லை, ஒரே வெளிச்சம், ஒரே தூரம்.

அமெரிக்காவில் 30 முதல் 49 வயதுள்ள 60 பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், ஒட்டும் டேப்பால் மேல்தோலை லேசாக உரித்துவிட்டு 72 மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்குபவர்களுக்குத் தோலின் தடுப்புச்சுவர் 30% கூடுதலாக மீண்டிருந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஓர் அழகுசாதன நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

காலையில் கண்ணைச் சுற்றி வரும் வீக்கம் வேறு கதை. படுத்திருக்கும்போது திரவம் முகத்தில் தேங்குகிறது. எழுந்து நடமாடினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். தலையணையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டால் குறையும். நாள் முழுக்க வீக்கம் வடியவே இல்லை, காலும் சேர்ந்து வீங்குகிறது என்றால் அது கிரீம் விஷயம் இல்லை, டாக்டரைப் பாருங்கள்.

இரவு 10 மணி முதல் 2 மணிவரை தூங்கினால்தான் பலன் என்கிறார்களே?

கடிகார முள்ளுக்கு அப்படி மந்திரம் எதுவும் இல்லை. வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது தூங்கிய முதல் சில மணி நேரத்தில் வரும் ஆழ்ந்த தூக்கத்தில். பத்து மணிக்குப் படுப்பவருக்கு அது பத்துக்குப் பிறகு வரும், அதிலிருந்துதான் இந்த நம்பிக்கை கிளம்பியிருக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் படுப்பது அதைவிட முக்கியம். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் ‘நைட்’ என்ற சொல்லை ‘படுக்கும் முன்’ என்று மாற்றிப் படித்துக்கொண்டால் போதும். அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும் ரெட்டினால் மாதிரி சங்கதிகளைப் போட்டுவிட்டுக் காலை வெயில் விழும் ஜன்னலோரத்தில் தூங்க வேண்டாம்.

மாய்ஸ்சரைசர் போட்டுப் படுத்தாலும் காலையில் முகம் இழுக்கிறதே, ஏன்?

தோல் வழியாக ஆவியாகும் தண்ணீர் பகலைவிட இரவில் அதிகம். தோல் சூடாகிறது, தடுப்புச்சுவரும் கொஞ்சம் தளர்கிறது. ஏசி அறை என்றால் காற்றும் காய்ந்திருக்கும்.

மாய்ஸ்சரைசரில் பொதுவாக இரண்டு வேலை நடக்க வேண்டும். கிளிசரின், ஹயலூரானிக் அமிலம் போன்றவை தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். பெட்ரோலியம் ஜெல்லி, டைமெத்திக்கோன், ஷியா வெண்ணெய் போன்றவை மேலே மூடி போடும். இழுப்பது மட்டும் இருந்து மூடி இல்லாவிட்டால், பிடித்த தண்ணீரும் ஆவியாகிவிடும். வெறும் ஹயலூரானிக் சீரத்தை மட்டும் போட்டுப் படுத்துவிட்டு முகம் இழுக்கிறது என்று சொல்பவர்கள் பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். ஈரம் காயும் முன், கழுவிய சில நிமிடங்களுக்குள் கிரீம் போடுங்கள்.

முகம் முழுக்கப் பெட்ரோலியம் ஜெல்லி பூசிப் படுக்கும் ‘ஸ்லக்கிங்’ எப்படி?

1872இல் காப்புரிமை பெற்ற பொருள் இப்போது புதுப் பெயரில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நீரிழப்பைத் தடுப்பதில் அதை மிஞ்ச இன்னும் ஆள் இல்லை. வறண்ட தோல், வெடித்த உதடு, குதிகால், அடிக்கடி கழுவும் கை இவற்றுக்கு அருமை. ஒரு பட்டாணி அளவை உள்ளங்கையில் தேய்த்து ஒற்றி எடுத்தால் போதும். பரு வரும் முகத்துக்கு நான் சொல்ல மாட்டேன். ரெட்டினால், செத்த செல்களை உதிர வைக்கும் அமில சீரம் இவற்றின் மேல் நேரடியாகப் பூசவும் வேண்டாம். மூடி போட்டால் அவை இன்னும் ஆழமாக இறங்கி எரிச்சலைக் கூட்டும்.

படுக்கும் முன் முகம் கழுவியே ஆக வேண்டுமா?

ஆமாம். காலையில் வேண்டுமானால் வெறும் தண்ணீரோடு விட்டுவிடலாம். இரவில் சன்ஸ்கிரீன், வியர்வை, தூசி, மேக்கப் எல்லாம் மேலே இருக்கும். ஆனால் கழுவுவது வேறு, தேய்த்து எடுப்பது வேறு. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஹெச் அளவு 5 வாக்கில் இருக்கும். சாதாரண சோப்பின் பிஹெச் 9, 10. தினமும் சோப்பு போட்டுக் கழுவி ‘கீச்’ என்று சத்தம் வருவதைச் சுத்தம் என்று நினைக்கிறோம். உண்மையில் சுவரின் சாந்து கரைந்த சத்தம் அது. நுரை குறைவான ஃபேஸ்வாஷ், வெதுவெதுப்பான நீர், ஒரு நிமிடம். போதும்.

ரெட்டினாலை ஏன் இரவில் மட்டும் போடச் சொல்கிறார்கள்?

இரவில் ஏதோ கதவு திறக்கிறது என்பதால் இல்லை. காரணம் சாதாரணமானது: வெளிச்சம் பட்டால் ரெட்டினாலும் ட்ரெட்டினாயினும் சிதைந்துவிடும். பகலில் போட்டால் காசு வீண், எரிச்சல் மிச்சம். அதே குடும்பத்தைச் சேர்ந்த அடாபலீன் வெளிச்சத்தைத் தாங்கும், ஆனாலும் பழக்கத்துக்காக இரவில்தான் போடுகிறோம்.

இவை எல்லாம் வைட்டமின் ஏ வம்சம். ட்ரெட்டினாயின் 1971இல் அமெரிக்காவில் பருவுக்கான மருந்தாக அனுமதி பெற்றது; அதன் பின்னால் இருந்தவர் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். பருவுக்குப் போட்டுக்கொண்ட வயதானவர்களுக்குச் சுருக்கமும் குறைவது தெரியவந்தது. வெயிலால் முதிர்ந்த தோலில் அது வேலை செய்கிறது என்ற ஆய்வு 1986இல் வெளியானது. செல்கள் மேலே வரும் வேகத்தைக் கூட்டும், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தை அடித்தோலில் வளர்க்கும், இருக்கும் கொலாஜனை அரிக்கும் நொதிகளைத் தடுக்கும். கடையில் கிடைக்கும் ரெட்டினால் தோலுக்குள் இரண்டு படி மாறித்தான் ரெட்டினாயிக் அமிலம், அதாவது ட்ரெட்டினாயின், ஆக வேண்டும். அதனால் அது மெதுவானது, கொஞ்சம் சாதுவானது.

இனி, எப்படிப் போடுவது. முகம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. கூடப் போட்டால் பலன் கூடாது, தோல் உரிவதுதான் கூடும். முதல் சில வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு, அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள், தோல் தாங்கினால் தினமும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாயோரம் இங்கெல்லாம் முதலில் கொஞ்சம் கிரீம் தடவிவிட்டால் எரியாது. நான் முதல்முறை வாங்கியபோது ஆர்வக்கோளாறில் ஏழு இரவும் போட்டேன். எட்டாம் நாள் சிரித்தால் வாயோரம் வெடித்தது; இரண்டு வாரம் வெறும் மாய்ஸ்சரைசரோடு உட்கார்ந்திருந்தேன்.

ஆரம்பத்தில் பரு கொஞ்சம் கூடலாம், தோல் உரியலாம். பலனைப் பார்க்கக் குறைந்தது 12 வாரம் பிடிக்கும், மேலே சொன்ன அந்த மெதுவான பயணம்தான் காரணம். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இந்தக் குடும்பத்தையே தொடாமல் இருப்பது நல்லது. பகலில் சன்ஸ்கிரீன் போட மாட்டேன் என்பவர்கள் இதை ஆரம்பிக்கவே வேண்டாம்.

ரெட்டினாலையும் அமில சீரத்தையும் ஒன்றாகப் போடலாமா?

ஒரே இரவில் வேண்டாம். கிளைகாலிக், லாக்டிக் அமிலங்கள் செத்த செல்களின் பிடியைத் தளர்த்தி உதிர வைப்பவை. ரெட்டினால் கீழிருந்து தள்ளுவது. இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சுவர் இடிந்துதான் போகும். ஓர் இரவு இது, ஓர் இரவு அது, நடுவில் ஓரிரு நாள் வெறும் மாய்ஸ்சரைசர். அமிலம் போடுபவர்களுக்கு வெயில் எளிதில் சுடும், நிறுத்திய பிறகும் ஒரு வாரம்வரை கவனம் வேண்டும். நயசினமைடு (வைட்டமின் பி3) எல்லோரோடும் ஒத்துப்போகும் நல்ல பிள்ளை. பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு ட்ரெட்டினாயினைக் கெடுக்கும், கூடவே தலையணை உறையையும் வெளுக்க வைக்கும். வெள்ளை உறையாகப் பார்த்து விரித்துக்கொள்ளுங்கள்.

கொலாஜன் நைட் கிரீம் தோலுக்குள் போகுமா?

போகாது. தோலைத் தாண்டி உள்ளே போகும் பொருள்களின் மூலக்கூறு எடை பெரும்பாலும் 500 டால்டனுக்குள் இருக்கும். கொலாஜன் லட்சக்கணக்கில். மேலே உட்கார்ந்து ஈரம் பிடிக்கும். அந்த வேலையைக் கிளிசரின் மலிவாகச் செய்யும்.

ஒரு வாரத்தில் முகத்தை வெளுக்க வைக்கும் நைட் கிரீம் நிஜமாகவே வேலை செய்கிறதே?

வேலை செய்கிறது என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம். அவ்வளவு வேகத்தில் நிறம் மாறினால் உள்ளே பாதரசமோ வீரியமான ஸ்டீராய்டோ இருக்க வாய்ப்பு உண்டு.

பாதரசம் மெலனின் உருவாகும் வழியை அடைத்து நிறத்தைக் குறைக்கும். அதோடு தோல் வழியாக ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். போடுபவருக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் தூங்கும் குழந்தைக்கும் ஆபத்து. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை 2013இல் கையெழுத்தானது; அதன்படி பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களின் தயாரிப்பையும் வணிகத்தையும் 2020க்குள் நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் முழுதாக ஒழிந்தபாடில்லை. டப்பாவில் உட்பொருள் பட்டியலே இல்லை, அல்லது ‘தங்கம், வெள்ளி நகையில் படக் கூடாது’ என்று எழுதியிருக்கிறது என்றால் தூக்கி ஓரமாக வையுங்கள்; பாதரசம் நகையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை. கலோமெல், மெர்குரியஸ் குளோரைடு என்ற பெயர்களும் பாதரசமே.

ஸ்டீராய்டின் கதை இன்னும் தந்திரமானது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் போன்றவை சில நாளிலேயே முகத்தை வழவழப்பாக்கிவிடும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரியும், பரு வரும், முடி வளரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி அதையே போடுவார்கள், அப்புறம் வெளியே வருவது பெரும்பாடு. நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கலவை மங்குவுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் மருந்துதான். கிளிக்மன் 1975இல் அறிமுகப்படுத்தியது. ஆனால் அது சில வாரத்துக்கு, டாக்டரின் கண்காணிப்பில். யாரோ போட்டு நன்றாக இருந்தது என்று வாங்கித் தினமும் பூசும் பொருள் இல்லை. ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால், டியூபோடு தோல் டாக்டரிடம் போங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

இரவில் மட்டும் உடம்பு அரிப்பது ஏன்?

தோல் சூடாவது, நீரிழப்பு கூடுவது, அழற்சியை அடக்கும் கார்டிசால் நள்ளிரவில் குறைவாக இருப்பது, கவனத்தைத் திருப்ப வேறு வேலை இல்லாதது எல்லாம் சேர்ந்து அரிப்பை ஏற்றிக் காட்டும். குளித்த உடனே கிரீம், மெல்லிய பருத்தித் துணி, குளிர்ச்சியான அறை இவை உதவும். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் அரித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் அரிப்பு வந்தால் சிரங்காக இருக்கலாம். அதற்கு மாய்ஸ்சரைசர் பயன்படாது, எல்லோருக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும்.

பட்டுத் தலையணை உறை, நேராகப் படுப்பது இவற்றால் சுருக்கம் குறையுமா?

எப்போதும் ஒரே பக்கமாகக் கன்னம் அழுந்தப் படுத்தால் வருடக்கணக்கில் கோடு விழும் என்பது உண்மை. அதற்காக நன்றாகத் தூங்குபவர் மல்லாந்து விழித்துக்கொண்டிருப்பது லாபகரமான பேரம் இல்லை. பட்டு உறை உரசலைக் குறைக்கும். சுருக்கத்தைத் தடுக்கும் என்று அதற்காகக் காசு செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். எந்தத் துணியாக இருந்தாலும் வாரம் ஒருமுறை துவையுங்கள்.

பருவின் மேல் பற்பசை வைத்துப் படுக்கலாமா?

வேண்டாம். காய வைக்கும், கூடவே தோலைச் சுட்டுக் கருந்தழும்பை விட்டுப் போகும். ஹைட்ரோகொலாய்டு பேட்ச் ஒட்டிக்கொண்டால் கசிவை உறிஞ்சும். அதைவிடப் பெரிய உபகாரம், தூக்கத்தில் நீங்கள் கிள்ளாமல் தடுக்கும்.

படுக்கையில் ஃபோன் பார்த்தால் அந்த நீல ஒளி தோலைக் கெடுக்குமா?

வெயிலோடு ஒப்பிட்டால் ஃபோன் வெளிச்சம் ஒன்றுமே இல்லை. அது கெடுப்பது தூக்கத்தை. மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது, அடுத்த வீடியோ, அதற்கடுத்த வீடியோ என்று நேரத்தையும் தின்கிறது. நீல ஒளியைத் தடுக்கும் நைட் கிரீம் வாங்குவதற்குப் பதிலாக ஃபோனை அடுத்த அறையில் வைக்கலாம், இலவசம்.

எதை முதலில், எதை அப்புறம் போடுவது? ரொம்பக் களைப்பான நாளில் குறைந்தபட்சம் என்ன?

கழுவுதல், தண்ணீர் மாதிரி இருக்கும் சீரம், ரெட்டினாலோ மருந்தோ, கடைசியில் கிரீம். மெல்லியதிலிருந்து கெட்டியானதுக்கு என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். சன்ஸ்கிரீன் இரவில் தேவையில்லை. எரிச்சல் படும் தோல் என்றால் கிரீமுக்கு மேல் ரெட்டினால் போட்டு, வேண்டுமானால் இன்னொரு படலம் கிரீம்.

களைப்பான நாளில் முகத்தைக் கழுவுங்கள், கையில் கிடைக்கும் மாய்ஸ்சரைசரைத் தடவுங்கள், விளக்கை அணையுங்கள். சீரம் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.